‘குக்கிகளை அழியுங்கள்’ என்று சொல்லப்பட்டால்: அழிப்பதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

கடந்த வருடம், ஒன்லைன் விண்ணப்பம் ஒன்றின் இறுதி நாளில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு ஒரே படிவத்தை நான்கு தடவை நிரப்பினேன். ஒவ்வொரு தடவையும் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் ‘உங்கள் அமர்வு காலாவதியாகிவிட்டது’ என்ற செய்தி தோன்றி, முதற் பக்கத்துக்கே என்னைத் திருப்பி அனுப்பியது. உதவி இலக்கத்துக்கு அழைத்தபோது, மறுமுனையில் இருந்தவர் ‘குக்கீஸ் எல்லாத்தையும் கிளியர் பண்ணிட்டுத் திரும்பச் செய்து பாருங்கோ’ என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். நானும் அப்படியே செய்தேன். அழிக்கும் பெட்டியில் சேமித்த கடவுச்சொற்களுக்கான கட்டத்திலும் குறி இருந்ததை நான் கவனிக்கவில்லை. மின்னஞ்சல் உட்பட ஏறக்குறைய எல்லாக் கணக்குகளிலிருந்தும் ஒரே நொடியில் வெளியேற்றப்பட்டேன். மின்னஞ்சலை மீட்பதற்கான சரிபார்ப்பு இலக்கமோ, நான் கைவிட்டு இரண்டு வருடமாகியிருந்த பழைய சிம்முக்குப் போய்க்கொண்டிருந்தது. விண்ணப்பத் திகதி தவறியது. மின்னஞ்சல் திரும்பக் கிடைக்க நான்கு நாட்கள் சென்றன.

உண்மையில் அழிக்க வேண்டியிருந்தது அந்த ஒரு தளத்தின் குக்கிகளை மட்டுமே. அது இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தை எப்படிச் செலவிடுவது என்பதையே கீழே எழுதியிருக்கிறேன். இங்கு பெரும்பாலானோரின் தொலைபேசியும் கணினியும் ஆங்கில அமைப்பில் இருப்பதால், தெரிவுகளின் பெயர்களைத் திரையில் உள்ளவாறே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உலாவியின் பதிப்பைப் பொறுத்து ஒரு சொல் அங்கும் இங்கும் மாறியிருக்கலாம்.

1. எதை அழிக்கப் போகிறீர்கள் என்பதை அறிந்துகொள்ளுங்கள்

குக்கி என்பது வைரஸ் அன்று. தானாக இயங்கும் நிரலும் அன்று. ஓர் இணையத்தளம் உங்கள் உலாவியின் கையில் கொடுத்துவைக்கும், ஏறத்தாழ 4 கிலோபைட்டுக்கு மேற்படாத, சிறிய எழுத்துத் துணுக்கே அது. அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் தரப்படும் இலக்கத் துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவருக்கு உங்கள் முகம் நினைவிராது. துண்டைக் காட்டினால்தான் நீங்கள் எந்த வரிசையில், எந்த இடத்தில் நின்றீர்கள் என்பது அவருக்குத் தெரியும். இணையத்தளமும் அவ்வாறே. ஒவ்வொரு பக்கத்தையும் நீங்கள் கேட்கும்போது உலாவி அந்தத் துணுக்கைத் திருப்பிக் காட்டுகிறது. காட்டாவிட்டால், அல்லது பழைய துண்டைக் காட்டினால், நீங்கள் மீண்டும் வாசலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எனக்கு நடந்தது இரண்டாவது.

சில குக்கிகள் அமர்வுக்கு, அதாவது தளத்தைப் பாவிக்கும் அந்த ஒரு தடவைக்கு, உரியவை. உலாவியை மூடினால் அவை போய்விட வேண்டும். மற்றவை முடிவுத் திகதியோடு வருகின்றன. குரோம் உலாவி 2022 முதல் எந்தக் குக்கியையும் 400 நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. சபாரி உலாவியோ, பக்கத்தில் இயங்கும் ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதிவைக்கும் குக்கிகளை ஏழு நாட்களுக்கு மேல் வைத்திருக்க விடுவதில்லை. வாராவாரம் ஏதாவதொரு தளம் உங்களை மறந்துவிடுகிறது என்று ஐபோன் வைத்திருப்பவர்கள் குறைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இதைவிட முக்கியமான வேறுபாடு குக்கியை வைத்தவர் யார் என்பது. நீங்கள் சென்ற தளமே வைத்தது முதற்தரப்புக் குக்கி. உள்நுழைவு, கூடையில் போட்ட பொருட்கள், தெரிவுசெய்த மொழி ஆகியவை பெரும்பாலும் இதில்தான் தங்கியிருக்கின்றன. அந்தப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும் விளம்பரத்தின் அல்லது சமூக ஊடகப் பொத்தானின் நிறுவனம் வைப்பது மூன்றாம் தரப்புக் குக்கி. காலையில் ஒரு கடையின் தளத்தில் தையல் இயந்திரம் பார்த்தவருக்கு மாலையில் செய்தித் தளத்தில் அதே தையல் இயந்திரம் தென்படுவது, இரண்டு தளங்களிலும் ஒரே விளம்பர நிறுவனத்தின் துணுக்கு இருப்பதால்தான். முதலாவதை அழித்தால் உங்களுக்கே சிரமம். இரண்டாவதைத் தடுத்தால் பெரும்பாலும் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் கீழுள்ள படிகளில் பாதி தாமாகவே விளங்கும்.

2. தொடங்குவதற்கு முன் கையில் எடுத்து வைத்திருக்க வேண்டியவை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். நான் தாண்டிப் போனதால்தான் நான்கு நாட்களை இழந்தேன்.

முதலாவது, மின்னஞ்சலின் கடவுச்சொல். அது உலாவிக்குத் தெரியும் என்பது போதாது; உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்ற எல்லாக் கணக்குகளையும் மீட்கும் வழி மின்னஞ்சல் ஊடாகவே செல்வதால், அதற்குள் வேறொரு கருவியிலிருந்து ஒரு தடவை உள்நுழைந்து பார்த்து உறுதிப்படுத்துங்கள்.

இரண்டாவது, சரிபார்ப்பு இலக்கம் வரும் தொலைபேசி எண் இப்போதும் உயிரோடு இருக்கிறதா என்பது. மின்னஞ்சல், வங்கி, நீங்கள் விண்ணப்பிக்கும் தளம் ஆகிய மூன்றிலும் எந்த எண் பதிவாகியிருக்கிறது என்று தனித்தனியே பாருங்கள். பழைய எண் என்றால், உள்ளே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். வெளியேற்றப்பட்ட பின் மாற்றுவது பெரும்பாடு. தொலைந்த சிம்மை மீளப் பெறுவதற்கு அந்த இணைப்பு யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே தேசிய அடையாள அட்டையுடன் செல்ல வேண்டியிருக்கும். நம் வீடுகளில் பல சிம்கள் அப்பாவின் பெயரிலோ, வெளிநாடு போய்விட்ட அண்ணாவின் பெயரிலோ இருப்பதை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லுக்குப் பின் இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறை) வைத்திருப்பவர்களுக்கு, அந்தக் கணக்கு முன்பே தந்திருக்கும் மீட்பு இலக்கங்கள். இவற்றை அச்சிட்டு, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் கோப்பிலேயே வைத்துவிடுவதை நான் இப்போது வழக்கமாக்கியிருக்கிறேன். தொலைபேசிக்குள் படமாக வைத்திருந்தால், தொலைபேசி தொலையும் நாளில் அவையும் சேர்ந்தே தொலையும்.

படிவம் ஒன்றின் நடுவில் இருக்கிறீர்கள் என்றால், இன்னும் ஒன்று. இதுவரை தட்டச்சிட்டதைத் தனிக் கோப்பில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பக் குறிப்பு இலக்கம் தந்திருந்தால் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, சான்றிதழ்கள் முதலியவற்றின் ஸ்கேன் பிரதிகள் தளம் கேட்கும் அளவிலும் வடிவத்திலும் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். அமர்வு காலாவதியாவதற்குக் குக்கி மட்டும் காரணமல்ல: நீங்கள் சான்றிதழைத் தேடி அலுமாரியைக் கிண்டும் இருபது நிமிடத்தில் தளமே பாதுகாப்புக் கருதி உங்கள் அமர்வை முடித்துவிடலாம். அத்தகைய காலாவதியைக் குக்கி அழித்து எவராலும் தீர்க்க முடியாது.

3. நேரமும் செலவும்

குக்கிகளை அழிப்பதற்கோ தடுப்பதற்கோ ஒரு சதமும் செலவில்லை; எல்லா உலாவிகளிலும் அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. ‘கிளீனர்’ என்ற பெயரில் பணம் கேட்கும் செயலிகளை நிறுவ வேண்டாம். அவற்றுள் சில, நீங்கள் அழிக்க நினைப்பதைவிடக் கூடுதலான தகவலைத் தாமே திரட்டுகின்றன.

மறைமுகச் செலவு டேட்டாவில் இருக்கிறது. அழிக்கும் பெட்டியில் குக்கிகளுக்குக் கீழே ‘காஷ்ட் இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்’ என்றொரு கட்டம் உண்டு. அது தளங்களின் படங்களையும் கோப்புகளையும் உங்கள் கருவியிலேயே சேமித்துவைத்திருக்கும் இடம். அதையும் அழித்தால் ஒவ்வொரு தளமும் அவற்றை மீண்டும் இறக்கும். மாத முடிவில் ரீலோட் போட்டுப் பொதியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் அந்தக் கட்டத்தின் குறியை எடுத்துவிடுவது நல்லது.

ஒரு தளத்தை மட்டும் சுத்தம் செய்ய இரண்டு நிமிடம். எல்லாவற்றையும் அழித்து மீண்டும் உள்நுழைய, கடவுச்சொற்கள் கையில் இருந்தாலும், குறைந்தது ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை மாலையிலும் போயா விடுமுறைக்கு முதல் நாளிலும் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஏதாவது பூட்டிக்கொண்டால் வங்கிக் கிளைக்கோ தொலைபேசி நிறுவனத்துக்கோ போய் நிற்க வேலை நாள் ஒன்று வேண்டும். அட்டையில் பணம் செலுத்தி, உறுதிப்படுத்தும் பக்கம் சுழன்றுகொண்டிருக்கும் நேரத்திலும் வேண்டாம். முதலில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

4. தகராறு செய்யும் தளத்தின் குக்கிகளை மட்டும் அழியுங்கள்

அழிப்பதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. குரோமில் ‘இன்காக்னிட்டோ’ சாளரம் ஒன்றைத் திறந்து, அதே தளத்துக்குச் சென்று பாருங்கள். அந்தச் சாளரம் பழைய குக்கிகள் எவையுமின்றித் தொடங்குவதால், அதில் தளம் ஒழுங்காக இயங்கினால் உங்கள் சிக்கல் பழைய குக்கியில் இருக்கிறது என்று பெரும்பாலும் முடிவுசெய்யலாம். அதிலும் அதே பிழை வந்தால், தவறு அநேகமாக அவர்களின் பக்கத்தில். எதையும் அழித்துப் பயனில்லை. எனக்கு யாராவது இந்த ஒரு சோதனையைச் சொல்லியிருக்கலாம்.

கணினியில் குரோம் என்றால், அந்தத் தளத்தில் இருந்தபடியே முகவரிப் பட்டையின் இடது முனையில் உள்ள சிறிய குறியை அழுத்துங்கள். ‘குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா’ என்பதைத் தெரிவுசெய்து, அதனுள் ‘மனேஜ் ஒன்-டிவைஸ் சைட் டேட்டா’ என்பதற்குச் சென்றால், அந்தப் பக்கத்தில் எந்தெந்த முகவரிகள் தரவு வைத்திருக்கின்றன என்ற பட்டியல் வரும். தளத்தின் பெயருக்கு எதிரே உள்ள குப்பைத்தொட்டிக் குறியை அழுத்திவிட்டு, பக்கத்தை மீண்டும் திறவுங்கள். ஆண்ட்ரொய்ட் தொலைபேசியில் குரோமின் ‘செட்டிங்ஸ்’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘ஓல் சைட்ஸ்’ என்ற வழியில் சென்று, தளத்தின் பெயரைத் தேடி அதன் தரவை நீக்கலாம்.

பயர்பொக்ஸ் இதில் இன்னும் எளிது: முகவரிக்கு முன்னுள்ள பூட்டுக் குறியை அழுத்தினால் ‘கிளியர் குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா’ என்ற தெரிவு அங்கேயே இருக்கும். ஐபோனில் சபாரிக்குள் தேடிப் பயனில்லை. தொலைபேசியின் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் சபாரியைத் திறந்து, அடியில் உள்ள ‘அட்வான்ஸ்ட்’, அதனுள் ‘வெப்சைட் டேட்டா’ என்று செல்ல வேண்டும். புதிய ஐபோன்களில் சபாரி ‘ஆப்ஸ்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. தளத்தின் பெயரை இடப்பக்கமாகத் தள்ளினால் அழிக்கும் பொத்தான் வரும்.

இங்கே பலர் விழும் குழிகள் மூன்று. ஒரு தளம் ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகளில் தரவு வைத்திருக்கலாம். உள்நுழைவுப் பக்கம் ஒரு முகவரியிலும் படிவம் இன்னொன்றிலும் இருந்தால் இரண்டையும் அழிக்க வேண்டும். அடுத்து, குக்கிகள் உலாவிக்கு உலாவி தனித்தனியே இருக்கின்றன. பேஸ்புக் செயலிக்குள் ஓர் இணைப்பை அழுத்தும்போது திறக்கும் சாளரம் உங்கள் குரோம் அன்று. அதில் நீங்கள் உள்நுழைந்தது குரோமுக்குத் தெரியாது, குரோமில் அழித்தது அதைத் தொடாது. விண்ணப்பங்களை எப்போதும் முழு உலாவியிலேயே திறவுங்கள். மூன்றாவது சிறியது, ஆனால் எரிச்சலூட்டுவது: மும்மொழித் தளங்களில் நீங்கள் தமிழைத் தெரிவுசெய்ததும் குக்கியில்தான் எழுதப்பட்டிருக்கக்கூடும். அழித்த பின் பக்கம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ திறந்தால் பதறாமல் மேலே மொழிப் பொத்தானைத் தேடுங்கள்.

5. மூன்றாம் தரப்புக் குக்கிகளை ஒரே தடவையில் தடுத்துவிடுங்கள்

இது ஒரு முறை செய்துவிட்டு மறந்துவிடக்கூடிய வேலை. சபாரி 2020 மார்ச் முதல் இவற்றைத் தானாகவே தடுக்கிறது. பயர்பொக்ஸ் 2022 ஜூன் முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனிப் பெட்டியில் அடைத்துவிடுவதால், ஒரு தளத்தில் வைத்ததை இன்னொரு தளத்தில் படிக்க இயலாது. குரோமைப் பொறுத்தவரை, மூன்றாம் தரப்புக் குக்கிகளை முற்றாக ஒழிக்கப் போவதாக 2020இல் அறிவித்த கூகுள், 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆகவே குரோம் பாவிப்பவர்கள் தாங்களே சென்று தடுக்க வேண்டும்: ‘செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’, ‘தேர்ட்-பார்ட்டி குக்கீஸ்’ என்ற வழியில் சென்று, தடுக்கும் தெரிவை எடுங்கள். தொலைபேசியிலும் தனியாகச் செய்ய வேண்டும்.

ஒரு பக்கத்துக்குள் இன்னொரு நிறுவனத்தின் பக்கம் சட்டகமாகத் திறக்கும் இடங்களில், குறிப்பாகச் சில கட்டணப் பக்கங்களிலும் வேறொரு கணக்கின் மூலம் உள்நுழையும் பொத்தான்களிலும், இதனால் தடங்கல் வரலாம். அப்போது தடையை முழுவதும் எடுத்துவிடாமல், அதே இடத்தில் அந்த ஒரு தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

6. சம்மதம் கேட்கும் பட்டியில் எதை அழுத்துவது

பக்கத்தின் அடியில் எழும் ‘குக்கிகளை ஏற்கிறீர்களா’ என்ற கேள்வி பெரும்பாலும் ஐரோப்பியச் சட்டங்களின் விளைவு. அங்குள்ள வாசகர்களுக்காகச் செய்ததைப் பல தளங்கள் கொழும்பில் இருப்பவருக்கும் காட்டுகின்றன. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையை அது ஏற்கிறது.

பெரிய, நிறமூட்டிய பொத்தான் பெரும்பாலும் ‘எல்லாவற்றையும் ஏற்கிறேன்’ என்பதாகவே இருக்கும். ‘ரிஜெக்ட் ஓல்’ என்ற பொத்தான் கண்ணில் படாவிட்டால் ‘மனேஜ்’ அல்லது ‘செட்டிங்ஸ்’ என்ற சிறிய எழுத்தின் உள்ளே தேடுங்கள். தளம் இயங்குவதற்கு அவசியமான குக்கிகளை நீங்கள் மறுத்தாலும் அவை வைக்கப்படும். ஆகவே மறுப்பதால் உள்நுழைவு கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், நீங்கள் மறுத்ததை நினைவில் வைப்பதற்கும் தளத்துக்கு ஒரு குக்கி வேண்டும். அதனால்தான் எல்லாவற்றையும் அழித்த மறுநாள் எல்லாத் தளங்களும் அதே கேள்வியோடு வாசலில் வந்து நிற்கின்றன.

அறிவித்தல்களை அனுப்ப அனுமதி கேட்கும் பெட்டியை இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது முகவரிப் பட்டையின் அருகே ‘அலோ’, ‘பிளொக்’ என்ற இரண்டு சொற்களுடன் வரும். அவசரத்தில் ‘அலோ’ அழுத்தியவர்களின் தொலைபேசியில்தான் நள்ளிரவிலும் விளம்பரம் ஒலிக்கிறது.

7. கடைக் கணினியில் விண்ணப்பிக்க நேர்ந்தால்

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ உள்ள போட்டோக்கொப்பிக் கடையில் இருந்து விண்ணப்பிப்பவர்கள் நம்மிடையே இன்னும் ஏராளம். எங்கள் மாமி வங்கிக் கடிதத்தைக்கூட அங்கேதான் அச்சிடுவார். அங்கு சிக்கல் தலைகீழானது: குக்கி அழிவதல்ல, அழியாமல் இருப்பதே ஆபத்து. உங்கள் உள்நுழைவுக் குக்கி அந்தக் கணினியில் இருக்கும்வரை, அடுத்து அமர்பவர் கடவுச்சொல் ஏதுமின்றி உங்கள் கணக்குக்குள் செல்லலாம். சாளரத்தை மூடியதால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும்படி உலாவி அமைக்கப்பட்டிருந்தால், அமர்வுக் குக்கிகளும் அடுத்த தடவை திரும்பி வருகின்றன.

எனவே தொடங்கும்போதே இன்காக்னிட்டோ சாளரத்தையோ குரோமின் ‘கெஸ்ட்’ சாளரத்தையோ திறக்கச் சொல்லுங்கள். முன்பு வந்தவர் திறந்த இன்காக்னிட்டோ சாளரம் இன்னும் மூடப்படாமல் இருந்தால், நீங்கள் புதிதாகத் திறப்பதும் அதே குக்கிகளைப் பகிர்ந்துகொள்ளும் என்பதால், முதலில் எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தொடங்குங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முடிந்ததும் தளத்தில் ‘லொக் அவுட்’ அழுத்துங்கள். குக்கியை அழிப்பதால் அந்த உலாவி மட்டுமே உங்களை மறக்கும், வெளியேறினால்தான் தளமும் அந்த அமர்வை முடித்துக்கொள்ளும்.

இறக்கிய கோப்புகள் இன்காக்னிட்டோவிலும் அழிவதில்லை. உங்கள் அடையாள அட்டையின் பிரதி ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையில் கிடக்கும். அதை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலிசெய்யுங்கள். ஆவணங்களை எடுப்பதற்காக வட்ஸ்அப்பைக் கடைக் கணினியில் இணைத்திருந்தால், உங்கள் தொலைபேசியில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ பகுதிக்குச் சென்று அந்தக் கணினியை நீக்கிய பிறகே கடையை விட்டு எழுந்திருங்கள்.

8. எல்லாவற்றையும் அழிப்பதுதான் வழி என்றால்

கணினியை விற்கும்போதும் பிறருக்குக் கொடுக்கும்போதும் இது தேவைப்படும். கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டிலீட் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் குரோமிலும் பயர்பொக்ஸிலும் அழிக்கும் பெட்டி திறக்கும். முதலில் மேலே உள்ள கால அளவைப் பாருங்கள்: கடந்த ஒரு மணித்தியாலம், ஒரு நாள் என்று குறுக்கும் வசதி இருக்கிறது. இன்று காலையில் தொடங்கிய சிக்கலுக்கு ஒரு நாளே போதும். பிறகு குறியிட்ட கட்டங்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள்; குரோமில் ‘அட்வான்ஸ்ட்’ பகுதியில் கடவுச்சொற்களுக்கும் தானாக நிரப்பும் விபரங்களுக்கும் தனிக் கட்டங்கள் இருந்தால் அவற்றின் குறியை எடுத்துவிடுங்கள். கணக்கோடு ஒத்திசைவு (ஒரே கணக்கின் விபரங்கள் எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக இருக்கும் வசதி) வைத்திருப்பவர்கள் இங்கே இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். குக்கிகள் அந்தக் கருவியில் மட்டுமே அழியும். ஆனால் கடவுச்சொற்களை அழித்தால் அவை ஒத்திசைந்த தொலைபேசியிலிருந்தும் போய்விடும். என் தொலைபேசியில் இருக்குமே என்ற நம்பிக்கையோடுதான் அன்றைக்கு நானும் அதைக் கையில் எடுத்தேன்.

அழித்தவுடன் முதலில் மின்னஞ்சலுக்குள் நுழையுங்கள், அடுத்து வங்கி, அதன் பிறகு விண்ணப்பத் தளம். புதிய கருவியிலிருந்து யாரோ நுழைந்திருப்பதாக எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வரக்கூடும். நேரமும் ஊரும் உங்களுடையவையாக இருந்தால் அந்த யாரோ நீங்கள்தான்; ஆயினும் அந்த மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்தாமல், தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சிட்டுச் சென்று சரிபாருங்கள்.